கேக் பைக்குள்ளே இருக்கிறது: பிரிட்டனில் முதல் பிறந்தநாள் பார்ட்டிக்குக் கிளம்பும் தமிழ்ப் பெற்றோருக்கு

கோவையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஐந்தாவது மாதம் என் மகனுக்கு முதல் பார்ட்டி அழைப்பு வந்தது. ஒரு சர்ச் ஹால், மதியம் 2 முதல் 4 வரை. நம்ம ஊர்க் கணக்கில் சாவகாசமாக 2:40க்குப் போய்ச் சேர்ந்தால் மேஜிக் காட்டுபவர் பாதி வித்தையை முடித்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், மெழுகுவர்த்தியை ஊதினார்கள், எல்லோரும் பாடினோம், அப்புறம் ஒரு பாட்டி கேக்கை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் தட்டு வரும் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், கேக்கைக் காணோம். வாசலில் ஒரு சின்ன பையைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். கேக்கை அவர்களே வைத்துக்கொண்டார்களே என்று கணவரிடம் காரில் புலம்பிக்கொண்டே வந்தேன். மறுநாள் மகன் அந்தப் பையைத் தரையில் கவிழ்த்தபோது பபிள் குப்பிக்கும் பிளாஸ்டிக் டைனோசருக்கும் நடுவில் பேப்பர் நாப்கினில் சுற்றி, நசுங்கி, ஐசிங் எல்லாம் நாப்கினோடு ஒட்டிப்போய்க் கிடந்தது கேக்.

இந்த ஊரில் பெரும்பாலும் கேக்கை அங்கே பரிமாற மாட்டார்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பார்ட்டி பேக் என்று சொல்கிற அந்தப் பை நம்ம கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரிதான். கை நீட்டி வாங்கினால் விசேஷம் முடிந்தது, கிளம்பலாம் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சில்லறை விவரம். அந்தச் சில்லறையில்தான் நாம் சறுக்குகிறோம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

அழைப்பு வந்தவுடன்

நான்கு வயதில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் சேர்த்தவுடனே அழைப்புகள் வர ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் சின்ன வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்று சட்டமே இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு வருடம் மொத்த வகுப்பையும் கூப்பிடுவது வழக்கம் என்பதால் சில மாதங்களில் எல்லா வார இறுதியும் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாளாகவே இருக்கும். அழைப்பு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும், இல்லாவிட்டால் பிள்ளையின் புக் பேக்கில் ஒரு சின்ன அட்டையாக இருக்கும். புக் பேக்கைத் தினமும் திறந்து பாருங்கள், நான் ஓர் அட்டையைப் பார்ட்டி முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

வருகிறோம், வரவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "முயற்சி பண்றோம்" என்பது நமக்கு மரியாதையாக மறுக்கும் வழி, அவர்களுக்கு அது பதிலே இல்லை. சாஃப்ட் பிளே (மெத்தை போட்ட உள்ளரங்க விளையாட்டுக் கூடம்) மாதிரி இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டியிருப்பார்கள், பையும் தலையை எண்ணித்தான் போட்டிருப்பார்கள். வரவில்லை என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் வாசல் மேஜையில் உங்கள் பிள்ளை பெயர் எழுதிய பை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றாகவா இருக்கும்.

பதிலிலேயே இரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதிவிடுங்கள். ஒன்று சாப்பாடு: முட்டை சேர்ப்பதில்லை, இறைச்சி சேர்ப்பதில்லை, வேர்க்கடலை ஒவ்வாமை, எதுவானாலும். வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை சாப்பிடுவீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், முட்டை போட்ட கேக்தான் பைக்குள் வரும். தப்பு அவர்கள் மேல் இல்லை. இன்னொன்று கூடப்பிறந்ததுகள். அழைப்பு மூத்தவனுக்கு மட்டும் என்றால் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். "குடும்பத்தோட வந்துடுங்க" என்பது இங்கே யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிற விஷயம் கிடையாது. சாஃப்ட் பிளே என்றால் சின்னவளுக்கு நாமே வாசலில் டிக்கெட் எடுத்துவிடலாம், ஆனால் பார்ட்டி சாப்பாடும் பையும் அவளுக்கு உண்டு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

பரிசும் நேரமும்

2 மணி என்றால் 2 மணி. ஐந்து நிமிடம் முன்னே பின்னே பரவாயில்லை. 4 மணிக்கு ஹாலைக் காலி செய்து பெருக்கிச் சாவி கொடுத்தாக வேண்டும், அடுத்த பார்ட்டிக்காரர்கள் பலூனோடு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள்.

பரிசுக்கு என் வட்டாரத்தில் பத்து பவுண்டுக்குள் போதும், அதைவிடக் குறைவாகவும் தருகிறார்கள். சில பெற்றோர் "ஃபைவர் பார்ட்டி" என்றே போட்டுவிடுகிறார்கள், அதாவது பரிசு வேண்டாம், அட்டைக்குள் ஐந்து பவுண்டு வைத்தால் போதும், எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைக்கு ஒரே ஒரு பெரிய பொருள் வாங்குவார்கள். நமக்கு மொய் எழுதிப் பழக்கம்தானே, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது. பரிசுத் தாளின் மேல் மட்டும் எழுதாமல் வாழ்த்து அட்டையிலும் பிள்ளையின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். பரிசுகளை ஹாலில் பிரிக்க மாட்டார்கள், மூட்டையாக வீட்டுக்குப் போகும், ராத்திரி உட்கார்ந்து யார் எது கொடுத்தது என்று அவர்கள் பட்டியல் போட அட்டைதான் ஆதாரம்.

ஹாலில் இருக்கும்போது

ரிசப்ஷன், இயர் ஒன் வரை பெற்றோர் கூடவே இருப்பார்கள். அதற்கு மேல் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் மெல்ல வரும். எது என்று தெரியாவிட்டால் இருக்கட்டுமா போகட்டுமா என்று வாசலிலேயே கேளுங்கள், அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிட்டுப் போனால் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுங்கள்.

மேஜையில் சாண்ட்விச், சிப்ஸ், பீட்சா, குட்டி சாசேஜ், வெள்ளரித் துண்டு, குடிக்க ஸ்குவாஷ். அது பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு டீ, காபி தருவார்கள், சில வீட்டில் அதுவும் இருக்காது. பசியோடு போகாதீர்கள். குட்டி சாசேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சி, அதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மகன் அவனே தள்ளி வைத்துவிடுவான்.

பாஸ் தி பார்சல் என்று ஒரு விளையாட்டு கட்டாயம் இருக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைக் கைமாற்றுவார்கள், பாட்டு நின்றால் கையில் வைத்திருப்பவர் ஒரு தாளை உரிக்க வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு மிட்டாய். பாட்டை நிறுத்துகிறவர் ஓரக்கண்ணால் பார்த்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முறை வருகிற மாதிரித்தான் நிறுத்துவார். இந்த ரகசியம் தெரியாமல் "நம்ம பையனுக்கு வரவே இல்லையே" என்று முதல் முறை நான் பதறினேன்.

அடுத்து கேக். விளக்கை அணைப்பார்கள், ஹேப்பி பர்த்டே பாடுவார்கள், சில இடங்களில் கடைசியில் மூன்று முறை ஹிப் ஹிப் ஹுர்ரே. பிறந்தநாள் பிள்ளை ஊதும். அவ்வளவுதான். முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டுவது, அப்பாவுக்கு ஊட்டுவது, பின்னாலே மாமா அத்தை வரிசை, முகத்தில் பூசுவது எதுவும் கிடையாது. நாம் பாசத்தில் போய் அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு ஊட்டப் போனால் மிரண்டுவிடும். கேக் சமையலறைக்குள் போனால் பின்னாலேயே போகாதீர்கள், வெட்ட உதவட்டுமா என்று கேட்கிறதானால் போகலாம், அதை நன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். சில வீட்டில் அங்கேயே தட்டில் தருவதும் உண்டு. கொடுத்தால் சாப்பிடுங்கள், பிள்ளைக்கு ஒரு துண்டு, அது முடியாமல் இரண்டாவது கேட்க வேண்டாம்.

கம்பளிப்புழு வடிவத்தில் ஒரு சாக்லேட் கேக் வந்தால் அது இந்த ஊரின் பெரிய சமாசாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையின் காலின் என்ற கம்பளிப்புழு 1990 வாக்கில் வந்தது. ஆல்டி கடை கத்பர்ட் என்று ஒரு புழுவை விற்க, 2021ல் காலின்காரர்கள் வழக்கே போட்டார்கள், அடுத்த வருடம் சமரசமாக முடிந்தது. டெஸ்கோவில் கர்லி, வெய்ட்ரோஸில் செசில், மாரிசன்ஸில் மாரிஸ் என்று கடைக்கொரு புழு. வெள்ளைச் சாக்லேட்டில் செய்த அந்த முகம் பிறந்தநாள் பிள்ளைக்குத்தான். உங்கள் பிள்ளை அதைக் கேட்டு அழுதால் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.

வாசலில்

பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லித் தர வேண்டியது இந்த இடம்தான். ஒன்றுதான் எடுக்க வேண்டும். எது கையில் வருகிறதோ அது. பிறந்தநாள் பிள்ளைக்கும் அதன் அம்மா அப்பாவுக்கும் தேங்க் யூ. காரில் ஏறுகிற வரை பையைத் திறக்கக் கூடாது. கடைசி விதியைக் கடைப்பிடிக்க வைப்பது கஷ்டம்தான், ஆனால் ஹால் வாசலில் திறந்தால் "அவனுக்குப் பச்சை, எனக்கு ஏன் நீலம்" என்று ஆரம்பிக்கும், அதை நாம் அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் சமாளிக்க வேண்டியிருக்கும்.

பை தராமலும் இருக்கலாம். பிளாஸ்டிக் குப்பை வேண்டாம் என்று இப்போது பலர் விட்டுவிட்டார்கள், சிலர் ஆளுக்கொரு புத்தகம் மட்டும் தருகிறார்கள், சிலர் பூச்செடி விதை. என் மகன் ஒரு வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி "வேர் இஸ் மை பார்ட்டி பேக்?" என்று கேட்டு வைத்தான். அந்த அம்மா சிரித்தார், எனக்குத்தான் தரையில் பள்ளம் தேடத் தோன்றியது. சின்னவளுக்கும் ஒன்று கிடைக்குமா என்று நீங்களும் கேட்காதீர்கள். மிச்சம் இருந்தால் அவர்களே கொடுப்பார்கள். சின்னவள் அழுவாள் என்று தெரியும், அதனால் என் கைப்பையில் எப்போதும் ஒரு குட்டி பபிள் குப்பி இருக்கும்.

வீட்டுக்கு வந்தவுடன் பையை முதலில் நீங்கள் பாருங்கள். கேக்கை எடுத்து டப்பாவில் வையுங்கள். மென்று தின்னும் மிட்டாய் இருந்தால் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாக்கெட்டில் படியுங்கள், இங்கே மிட்டாயில் அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. வேடிக்கை என்னவென்றால் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெர்சி பிக் என்ற பன்றிமுக மிட்டாயில் 2019லிருந்து ஜெலட்டினே கிடையாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சின்ன ரப்பர் பந்து, ஊதாத பலூன், மினுக்கும் மோதிரம் மூன்றையும் உடனே அப்புறப்படுத்துங்கள். மினுக்கும் பொம்மைக்குள் இருக்கிற பட்டன் பேட்டரியை விழுங்கினால் அது உள்ளே அரித்துவிடும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

இப்போது உங்கள் முறை

மொத்த வகுப்பையும் கூப்பிட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆறு பேரைக் கூப்பிட்டு வீட்டிலேயே செய்யலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஆனால் 30 பேரில் 27 பேரைக் கூப்பிடுவது கூடாது. குறைவாகக் கூப்பிடுகிறவர்கள் அழைப்பைப் பொதுக் குழுவில் போடாமல் தனித்தனியாக அனுப்புங்கள்.

கேக்கை எப்படி வாங்குவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் நான் முதல் வருடம் வாங்கிய மூன்று கிலோ கேக்கை ஒரு வாரம் நாங்களே தின்றோம். பைக்குள் போகிற துண்டு நம்ம ஊர்ப் பேக்கரி முக்கோணம் கிடையாது, விரல் மாதிரி ஒரு அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம். எட்டு அங்குலச் சதுரக் கேக்கை அப்படி வெட்டினால் 32 துண்டு வரும், அதாவது ஒரு வகுப்பு. வட்டக் கேக்கையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு வெட்டுங்கள். இன்னொரு வழி, ஊதுவதற்கு அழகான சின்ன கேக் ஒன்று, வெட்டிக் கொடுக்க சூப்பர் மார்க்கெட்டின் சாதாரணத் தட்டுக் கேக் ஒன்று. இரண்டாவதைக் காலையிலேயே வீட்டில் வெட்டிச் சுற்றிவிடலாம், சமையலறையில் வேர்க்க வேண்டாம். ஊதிய எச்சில் பற்றிய கவலையும் தீரும். அமெரிக்காவின் க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2017ல் இதை ஆராய்ந்து, ஊதிய ஐசிங்கில் பாக்டீரியா 1400 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். அதைப் படித்ததிலிருந்து நான் இரண்டு கேக்காரி.

முட்டையில்லாத கேக் வேண்டும் என்று நம்மவர்கள் பலரும் போவது கேக் பாக்ஸ் கடைக்கு, அங்கே எல்லாமே முட்டை இல்லாதவை. ஆனால் ஃபிரெஷ் கிரீம் கேக்குக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், நாப்கினில் சுற்றிப் பைக்குள் போட்டால் ஒரு மணி நேரத்தில் கஞ்சி. கிரீம் கேக்தான் என்று முடிவு செய்தால் ஹாலிலேயே தட்டில் கொடுத்துவிடுங்கள். பைக்கு பட்டர் கிரீம், சாக்லேட், இல்லாவிட்டால் ஃபாண்டன்ட் (மேலே போர்த்துகிற சர்க்கரைப் பூச்சு) போட்ட ஸ்பாஞ்ச் தாங்கும். நாப்கினுக்குள்ளே ஒரு துண்டு பேக்கிங் பேப்பர் வைத்தால் என் மகனுக்கு வந்த கதி உங்கள் கேக்குக்கு வராது.

அன்றைக்கு நடக்கும் வரிசை இப்படி இருந்தால் நன்றாக ஓடும். முடிய அரை மணி இருக்கும்போது கேக்கைக் கொண்டு வந்து ஊத வையுங்கள். உடனே கேக் உள்ளே போகட்டும், இரண்டு பேர் வெட்டிச் சுற்றட்டும். அந்த நேரத்தில் கடைசி விளையாட்டை வெளியே நடத்த ஒருவர். பைகளைக் கதவுக்குப் பக்கத்து மேஜையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், வரிசையாக வையுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் உங்கள் பிள்ளையை அங்கே நிறுத்தி, அதன் கையாலேயே கொடுக்க வையுங்கள், ஒவ்வொருவருக்கும் "வந்ததற்கு தேங்க் யூ" என்று சொல்லச் சொல்லுங்கள். பத்தாவது ஆளுக்குள் குரல் போய்விடும், பரவாயில்லை.

பைக்குள் என்ன போடுவது? இதில் நம்மவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது, ரிட்டர்ன் கிஃப்ட் வியாதி. ஊரில் அபார்ட்மென்ட் பார்ட்டிகளில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பெயர் அச்சடித்த பை என்று வருடத்துக்கு வருடம் ஏற்றிக்கொண்டே போவோமே, அதை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். நான் ஆளுக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் போனதில்லை. பெரிய பை கொடுத்தால் அடுத்து நடத்துகிற அம்மாவுக்கு அது தலைவலி. கேக், ஒரு மிட்டாய், ஒரு பபிள் குப்பி, ஒரு பென்சில், முடிந்தது. எல்லாப் பைக்குள்ளும் ஒரே பொருள், ஒரே நிறம். ஆண் பிள்ளைக்கு இது, பெண் பிள்ளைக்கு அது என்று பிரித்தால் கட்டாயம் யாராவது அழுவார்கள். பத்துப் பன்னிரண்டு படப் புத்தகங்கள் கொண்ட கட்டுகள் மலிவாகக் கிடைக்கும், மூன்று கட்டு வாங்கிப் பிரித்து, உறை போட்டு ஆளுக்கொன்று கொடுப்பது இன்னும் சுலபம். வருகிறேன் என்றவர்களின் எண்ணிக்கைக்கு மேல் மூன்று நான்கு பைகள் கூடுதலாகப் போட்டு வையுங்கள், கூடவே வரும் தங்கைகளுக்கு.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். இந்த நாட்டில் 14 பொருள்களை உணவு லேபிளில் தனித்துத் தெரிகிற மாதிரி அச்சிட வேண்டும் என்று சட்டம். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி வகை எல்லாம் நாம் எதிர்பார்ப்பவை. அந்த 14ல் எள்ளும் கடுகும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. முறுக்கில் எள், எலுமிச்சைச் சாதத்தில் கடுகும் கடலையும், மிக்சரில் முந்திரி, அப்புறம் கடலை மிட்டாய். ஆசையாக ஊரிலிருந்து வரவழைத்துப் பைக்குள் போட்டு அனுப்பக் கூடாதவை இவைதான். உங்கள் வீட்டு விருந்தில் பெரியவர்களுக்குத் தனி மேஜையில் வையுங்கள், இன்னது இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கேக் டப்பாவின் லேபிளைத் தூக்கிப் போடுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கிற அம்மாவுக்கு அப்படியே காட்டலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்த அம்மாவிடம் கேளுங்கள், பலரும் தாங்களே ஒரு துண்டு கொண்டு வந்து தந்துவிடுவார்கள். திராட்சை வைத்தால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுத் திராட்சை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பள்ளியில் கேக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பல பள்ளிகளில் கேக்குக்கு அனுமதி இல்லை, கடலை கலந்தது எதுவும் உள்ளே வரக் கூடாது. சில ஆசிரியர்கள் தனித்தனியாகச் சுற்றிய மிட்டாயை மணி அடித்த பிறகு கேட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம்ம பாணியிலும் ஒன்று

ஊட்டிவிடாத பிறந்தநாள் என்ன பிறந்தநாள் என்று என் மாமியார் கேட்டார். அதனால் வகுப்பு நண்பர்களுக்கு மதியம் இரண்டு மணி நேரம், அதே நாள் ராத்திரி வீட்டில் இன்னொரு சின்ன கேக், வீடியோ காலில் தாத்தா பாட்டி, எல்லோருக்கும் ஊட்டி, மூக்கில் கொஞ்சம் கிரீம். லண்டன் பக்கம் பெரிய ஹால் பிடித்து, பிரியாணி போட்டு, ராத்திரி வரை நடத்துகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அதற்கு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அழைப்பில் கேக் வெட்டும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தெளிவாக எழுதுங்கள். 5 மணி என்று போட்டால் அவர்கள் 5 மணிக்கு வந்து, நாம் இன்னும் பலூன் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நிற்பார்கள். குடும்பத்தோடு வரச் சொல்கிறோம் என்றால் அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவும் அக்காவும் கார் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை உட்கார்ந்திருந்தார்கள்.

நன்றி சொல்வது பாக்கி. பரிசைப் பிரிக்கும்போதே பெயரையும் பொருளையும் எழுதிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு வரி அனுப்புங்கள், பொருளின் பெயரைச் சொல்லி. பிள்ளை அதோடு விளையாடும் படம் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. பொதுக் குழுவில் "அனைவருக்கும் நன்றி" என்பது கணக்கில் சேராது.

காய்ச்சல் வந்து வர முடியாமல் போன பிள்ளையின் பையைத் திங்கட்கிழமை பள்ளி கேட்டில் அதன் அம்மாவிடம் கொடுங்கள். கேக்கை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுங்கள், இரண்டு நாள் ஆகிவிட்டது.